பதினேழு இலை

1

ஸ்ரீரங்கத்திலிருந்து என் தம்பி ராமு எழுதிய கடிதம் நேற்று வந்தது. நீல நிற ஏர்மெயில் காகிதம். ஓரம் வரைக்கும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறான். திருவெறும்பூருக்கு அந்தப் பக்கம், அவன் மாமனார் ஊரில், சர்க்கார் பெரிய தொழிற்சாலை கட்டப் போகிறதாம். நிலம் அளக்க ஆட்கள் வந்துவிட்டார்களாம். "ரொம்ப மரியாதையான மனுஷங்கக்கா. மாமா இளநி வெட்டிக் குடுத்து, வரப்புல குடை பிடிச்சுக்கிட்டே கூடப் போனாரு. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாரு. உங்க ஊர்லயும் இடிச்சு இடிச்சுப் பெருசா கட்டுறாங்களாமே, அதைப் பத்தி எழுது" என்று முடித்திருக்கிறான்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர் வரிசையில் முன்பு பதினொரு வீடுகள் இருந்தன. இப்போது ஒரு கம்பி வேலி இருக்கிறது. வேலிக்குப் பின்னால் மண்மேடு, உடைந்த செங்கல், யாரும் எடுத்துப் போகாத ஒரு குளியல் தொட்டி. தொட்டியில் மழைத் தண்ணீர் நிற்கிறது. குருவிகள் வந்து குடிக்கின்றன.

ராமுவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் தாண்டியும் பேனா நிற்கவில்லை. "கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாரு" என்கிற அந்த ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. அவனுக்கு மட்டும் சொல்லி முடிக்கிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. அதனால் அங்கே இருக்கிற உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். மற்றதெல்லாம் வாயாலும் காதாலும் கற்றது. பேசுகிற மாதிரிதான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நாங்கள் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தது ஐம்பத்தெட்டில். என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில் பட்டறையில் இயந்திரப் படம் வரைகிற உத்தியோகத்தில் இருந்தவர். மேல்படிப்புக்கு இடம் கிடைத்து வந்தார். படிப்பு முடிந்ததும் ஒரு இயந்திரக் கம்பெனியில் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மகள் சாரதாவுக்கு அப்போது நாலு வயது.

வீடு தேடிய கதையைச் சொல்கிறேன். பேப்பரில் விளம்பரம் பார்த்து இவர் போன் போடுவார். "காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள்" என்பார்கள். போய் நின்றால், கதவைத் திறந்தவர் எங்கள் முகத்தைப் பார்ப்பார், என் புடவையைப் பார்ப்பார், "அடடா, இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்" என்பார். நாலு வீட்டில் நாலு "இப்போதுதான்". ஐந்தாவது வீட்டுக்காரர் கொஞ்சம் நல்லவர். உண்மையைச் சொல்லிவிட்டார். "நீங்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கேளுங்கள். அங்கே கறுப்பு மக்கள் இருக்கிறார்கள். உங்களுக்குக் கொடுப்பார்கள்."

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போனோம். மழை. சாரதா இவர் தோளில் தூங்குகிறாள். இரண்டு தகரப் பெட்டியோடு தெருவில் நிற்கிறோம். ஒரு செங்கல் வீட்டிலிருந்து நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். எங்களை மேலும் கீழும் பார்த்தாள். யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று எதுவும் கேட்கவில்லை.

"பெட்டி நனையுது. முதல்ல உள்ள வா" என்றாள்.

அவள்தான் ஒடெஸ்ஸா. அவள் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் எனக்கு அவள் பேச்சு எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிந்தாமணி கடைத்தெருப் பேச்சாகத்தான் காதில் விழும். அதனால் அப்படியே எழுதுகிறேன். அன்றைக்கே அவள் வீட்டுக்கு எதிர் வரிசையில் ஒரு மரவீட்டின் மாடியை அவளே பேசி எங்களுக்கு வாங்கிக் கொடுத்தாள். "மழைக்கு ஒதுங்கினவன்கிட்ட பேர் கேக்கக் கூடாது, துண்டு குடுக்கணும்" என்பாள். இப்படி வாய்க்கு வாய் ஒரு சொலவடை வைத்திருப்பாள். நானும் சும்மா விடுவேனா? ஒன்றுக்கு ஒன்று எடுத்து விடுவேன். எங்கள் சிநேகிதமே அப்படித்தான் வளர்ந்தது.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று ஒருநாள் மொழிபெயர்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்க ஊர் ஆளு ஒரே தடவையில கட்டி முடிச்சவன் போல. எங்கப்பா இருபது வருஷம் கட்டினாரு."

அது அந்தத் தெருவின் கதை. நகரத்துக்குள் கறுப்பு மக்களுக்கு மனை விற்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே தண்ணீர் தேங்கும் இந்தத் தாழ்ந்த நிலத்தை மட்டும் விற்றார்கள். வாங்கியவர்கள் முதலில் பள்ளம் தோண்டி, அதற்கு மேலே கூரை போட்டு, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள். பிறகு கையில் கிடைக்கிறபோது ஒரு சுவர், அடுத்த வருஷம் இன்னொரு சுவர். ஒடெஸ்ஸாவின் அப்பா ரயிலில் பெட்டி தூக்கினவர். லீவு நாளில் செங்கல் அடுக்குவாராம். "நான் மண்ணுக்குள்ள பொறந்தேன் லட்சுமி. வீடு எனக்கு மேல வளர்ந்துச்சு" என்பாள். தெருவிலேயே உறுதியான வீடு அது. ஒரு விரிசல் கிடையாது.

அந்த வீட்டில்தான் நான் இந்த நாட்டு அடுப்பைப் பற்ற வைக்கக் கற்றுக்கொண்டேன். அந்த வீட்டுக்குத்தான் நான் தோய்த்த தயிரை எடுத்துக்கொண்டு போனேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "பால் கெட்டுப்போச்சுன்னு சொல்ல இவ்வளவு தூரம் வரணுமா?" என்றாள். மறுவாரம் அவளே கிண்ணத்தோடு வந்து, "அந்தக் கெட்ட பால் இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

3

சாரதாவும் ஒடெஸ்ஸாவின் கடைசி மகள் ரூத்தும் ஒரே வயது. இரண்டு பேரும் இரட்டைக் கயிறு சுற்றித் தாண்டுகிற விளையாட்டு ஆடுவார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே தாண்டுவார்கள். எனக்கு அந்தப் பாட்டில் பாதி புரியாது. என் தமிழில் சாரதாவுக்கும் பாதி புரியாமல் போய்க்கொண்டிருந்தது. "அம்மா, தண்ணி குடு" என்கிற அளவில் தமிழ் நின்றுவிட்டது. கோபம், அழுகை, ரகசியம் எல்லாம் இங்கிலீஷில்தான், அதுவும் அந்தத் தெருவின் இங்கிலீஷில். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் 'வெள்ளையர், நீக்ரோ' என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. நான் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தேன். சாரதா வாங்கி இரண்டாவது கட்டத்தில் குறி போட்டுவிட்டாள். "ரூத் அதுதான் போட்டா" என்றாள். ஆறு வயதுக் குழந்தைக்கு நான் என்ன விளக்கம் சொல்வேன்?

அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து அவள் சில பாடங்களும் கற்றிருந்தாள். எனக்கு அது தெரியவில்லை. ஒடெஸ்ஸா தன் பிள்ளைகளுக்குச் சொல்வாளாம்: "கதவைத் தட்டுறவன் கையைப் பாரு. கையில பேனா இருந்தா நீ சமையல்கட்டுக்குப் போயிடு."

எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. பெரியவளுக்குத் தெரியாதா என்று விட்டிருப்பார்கள்.

4

இனிமேல் சொல்லப்போவது புரியவேண்டுமானால் எங்கள் ஸ்ரீரங்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

வைகுண்ட ஏகாதசிக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். சொந்தக்காரர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர், போன வருஷம் ரயிலில் பழக்கமானவர். எல்லோரும் ஏதாவது ஒரு வீட்டில் வந்து இறங்குவார்கள். அடையவளஞ்சான் தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு வாழை இலை வியாபாரம். அதனால் எங்கள் வீட்டில் ஆள்கணக்கை இலைக்கணக்காகத்தான் சொல்வோம். ஏகாதசி பட்டினி முடிந்து மறுநாள் துவாதசிச் சாப்பாடு ஆனதும், தெருவில் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

"உங்க வீட்ல எத்தனை இலைங்க?"

"நம்ம வீட்ல இந்த வருஷம் நாப்பத்தியொண்ணு."

சொல்கிறவர் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வரும். பத்து இலை விழுந்த வீட்டுக்காரர் குனிந்துகொண்டு மொட்டைக் கோபுரத்துப் பக்கமாகப் போய்விடுவார். வந்து படுத்தவன் இரண்டு நாள் விருந்தாளியா, நிரந்தர வாசியா என்று யாரும் பிரிக்க மாட்டார்கள். இலை போட்டால் வீட்டு ஆள். ஜனக்கணக்கு எடுக்க வந்த வாத்தியாரிடமே அப்பா அன்றைக்குச் சாப்பிட்ட எல்லோரையும் சேர்த்துச் சொன்னவர். "இது சர்க்கார் கணக்குங்க, இலைக்கணக்கு இல்லீங்க" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு திருத்தி எழுதினார். அவர் எங்கள் ஊர் வாத்தியார். திருத்தினார்.

5

மூன்று வருஷத்துக்கு முன்னால், கோடைக்காலம். ஒடெஸ்ஸாவின் சர்ச்சில் ஆண்டு விழா வாரம். தெற்கே இருந்து அவள் சொந்தபந்தம் பத்துப் பேர் வந்திருந்தார்கள். வாசல் தாழ்வாரத்தில் இரண்டு பேர், கீழ்த்தளத்தில் நாலு பேர், கூடத்தில் நாலு பேர் என்று படுத்தார்கள். பகலெல்லாம் பொரிக்கிற வாசனை, பாட்டு, சிரிப்பு. நான் எங்கள் மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கண் நிறைந்து போகும்.

ஒரு மதியம் கதவு தட்டுகிற சத்தம். இளவயது வெள்ளைக்காரர். டை கட்டியிருந்தார், முகமெல்லாம் வேர்வை. கையில் அட்டை, அட்டையில் காகிதம், பேனா. நகரசபையிலிருந்து வருகிறாராம். காலையிலிருந்து தட்டுகிறாராம், ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லையாம். வெயிலில் வந்த மனுஷனை வாசலில் நிறுத்துவதா? உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மரியாதைக்காக முழுங்கினார்.

"இந்த வீட்டில் எத்தனை பேர், மேடம்?"

"மூணு பேர்."

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று இலை வீடு! எங்கள் ஊரில் மூன்று பேர் இருக்கிற வீடென்றால் ஏதோ கொள்ளை நோய் வந்துபோன வீடு என்று நினைப்பார்கள். அந்த வெட்கத்தில் ஜன்னல் வழியாக எதிரே கையைக் காட்டினேன்.

"அங்க பாருங்க. அந்தச் செங்கல் வீடு. அதுதான் வீடு! பதினேழு பேர்!"

அவர் நிமிர்ந்தார். "பதினேழா?"

"ஆமாம். தாழ்வாரத்தில்கூடப் படுத்திருப்பாங்க. கீழே நாலு பேர். ஒரே குளியலறைதான். ஆனா ஒரு சண்டை கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. ஒருத்தர் ஒருத்தருக்கு விட்டுக்குடுத்துப் போவாங்க. அந்த மாதிரி குடும்பம் இந்த ஊர்ல நீங்க பார்க்க முடியாது."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி அந்த வீட்டைப் புகழ்ந்தேன். அவர் எழுத எழுத எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சிநேகிதியின் வீட்டுச் சிறப்பு சர்க்கார் காகிதத்தில் ஏறுகிறதே!

சாரதா உள்ளேயிருந்து வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா. போதும்."

"சும்மா இருடி. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்."

"அம்மா, அவர்கிட்ட பேனா இருக்கு."

"அவர் உத்தியோகத்துக்குப் பேனா இல்லாம? போய் விளையாடு போ."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. படி இறங்கி ஓடிவிட்டாள். அவர் எழுந்து, "ரொம்ப உதவியாக இருந்தீர்கள், மேடம்" என்று கை கொடுத்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தின தவளை பத்திரமாக இருந்தது. பாம்பு எதிர்வீட்டுக்குப் போனது.

6

ஐப்பசி மாதம் வீட்டுக்கு வீடு அட்டை வந்தது. பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். வரைபடத்தில் எங்கள் தெருவின் நடுவே நகரசபை ஒரு கோடு போட்டிருந்தது. எங்கள் வரிசை கோட்டுக்கு இந்தப் பக்கம், தப்பித்தது. ஒடெஸ்ஸாவின் வரிசை அந்தப் பக்கம். அந்த வரிசையில் பாதிக்கு மேல் வீடுகள் 'வாழத் தகுதியற்றவை' என்று எழுதப்பட்டால் முழு வரிசையையும் எடுத்துக்கொண்டு சாலை போடுவார்கள். பதினொன்றில் ஐந்து அப்படி எழுதப்பட்டிருந்தன. ஆறாவது எது என்பதுதான் கேள்வி. ஒடெஸ்ஸாவுக்குக் கவலை இல்லை. "என் வீட்டைத் தகுதியில்லைன்னு எழுதறவன் முதல்ல ஒரு சுத்தியலைக் கொண்டாந்து தட்டிப் பாக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் நீலத் தொப்பியும் கையுறையும் போட்டு வந்திருந்தாள். அப்பா செங்கல் அடுக்குகிற பழைய போட்டோவைக் கையில் வைத்திருந்தாள். நானும் என் வீட்டுக்காரரும் அவளுக்கு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தோம். சாரதா ரூத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் காகிதத்தைப் புரட்டிப் படித்தார். கட்டடம் உறுதி. கூரை நன்று. பிறகு, அதே குரலில்: "இடநெருக்கடி. பதினேழு பேர், ஒரு குளியலறை. தாழ்வாரத்திலும் கீழ்த்தளத்திலும் படுக்கிறார்கள். அண்டை வீட்டார் சொன்ன தகவல். ஆகவே தகுதியற்றது."



ஒடெஸ்ஸா எழுந்தாள். "ஏழு பேருங்க. நாங்க ஏழே ஏழு பேரு. விழா வாரத்துல சொந்தக்காரங்க வந்தாங்க, போயிட்டாங்க." பிறகு மேடையைப் பார்க்காமல், ஹாலைப் பார்த்துத் திரும்பினாள். "பதினேழுன்னு யாரு சொன்னது?"

மேஜைக்காரர் பதில் சொன்னார். "பெயர் சொல்ல விதி இல்லை. சொன்னவர் பத்து நாளுக்குள் அலுவலகத்துக்கு வந்து, சொன்னது தவறு என்று கையெழுத்துப் போட்டால், மறுபடியும் பார்ப்போம்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாகப் பிடிக்கவில்லை. உதறியிருந்தால் விட்டிருப்பார். நான் உதறவில்லை.

ஒடெஸ்ஸா கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கையுறையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

7

நாலாவது நாள் நான் தனியாக பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண்மணி இரண்டு பக்கப் படிவத்தை நீட்டினாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'அதிகாரியிடம் பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைக்குரியது என்று அறிவேன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே நாடு, விசா எண், யார் பொறுப்பில் தங்கியிருக்கிறீர்கள் என்று மூன்று கோடு.

"இதெல்லாம் எதுக்கும்மா? ஏழுன்னு திருத்தினா போதாதா?" என்று கேட்டேன்.

"நீங்கள் அதிகாரியிடம் பொய் சொன்னதாகச் சொல்கிறீர்களா?"

"பொய் இல்லை. விருந்தாளியைச் சேர்த்துச் சொல்லிட்டேன். எங்க ஊர்ல அப்படித்தான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த ஊர்?" என்று கேட்டாள். கேட்டது சாதாரணமாகத்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் அங்கே நிற்கவில்லை. படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நாங்கள் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க இவருடைய கம்பெனி மனுப் போட்டிருந்தது. நம் நாட்டுக்காரர்களை அப்போது விரல்விட்டு எண்ணித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் காகிதம் எங்கோ ஒரு மேஜையில் இரண்டு வருஷமாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படிவத்தை இவர் முன்னால் வைத்தேன்.

"பொய் சொன்னேன்னு நீயே எழுதிக் குடுக்கப் போறியா?" என்றார்.

"அவங்க வீடு போகுதுங்க."

"எனக்குத் தெரியாதா? மழையில நின்னப்போ என் பெட்டியும்தான் நனைஞ்சுது. ஆனா இந்தக் காகிதம் அந்த மேஜைக்குப் போய்ச் சேர்ந்தா? நம்மைக் கப்பல் ஏத்திட்டா?"

"ஏத்தினா என்ன? ஸ்ரீரங்கம் இருக்கு, காவேரி இருக்கு."

"காவேரி இருக்கு. பொன்மலையில என் நாற்காலி இருக்கா? சாரதாவை எந்த ஸ்கூல்ல கொண்டுபோய் விடுவே? அவளுக்கு அ-னா, ஆ-வன்னா தெரியுமா?" அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "வேணாம்னு நான் சொல்லலை லட்சுமி. போடுறதுன்னா போடு. போடறதுக்கு முன்னாடி இதெல்லாம் யோசிச்சுக்கோ."

யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். படிவம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எட்டாவது நாள் எடுத்துப் பேனாவைத் திறந்தேன். என் பெயரை எழுதினேன். விசா எண் கோட்டில் கை நின்றது. சமயபுரத்தாளை வேண்டிக்கொண்டேன். யாருக்காக வேண்டினேன் என்று கேட்காதீர்கள். ஒன்பதாவது நாள் போயிற்று. பத்தாவது நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த ஜன்னல் மூடுகிற நேரத்தில் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாரதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் எதிரே நின்றாள். "வொய் டிட்ன்ட் யூ ஸ்டாண்ட் அப்?" என்றாள். ஏன் எழுந்து நிற்கவில்லை என்று கேட்கிறாள். தமிழில் கேட்கச் சொன்னேன். கேட்கவில்லை. அன்றிலிருந்து "தண்ணி குடு" என்பதுகூட அவளிடமிருந்து தமிழில் வருவதில்லை.

இரண்டு மாதம் கழித்து எங்கள் காகிதம் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. எதிர் வரிசைக்கும் காகிதம் வந்தது. மே மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

8

அந்தப் பத்து நாளுக்குப் பிறகும் ஒடெஸ்ஸா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. தயிர் கேட்டாள். பார்த்தால் கை ஆட்டினாள். சொலவடை மட்டும் நின்றுவிட்டது. நான் ஒன்று எடுத்து விட்டால் புன்னகைப்பாள். பதிலுக்கு ஒன்று வராது. வீடு போகிற கவலை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

சாமான் கட்டுகிற சனிக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தரையில் உட்கார்ந்து பீங்கான் தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் போட்டோ இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

நின்றபடியே சொன்னேன். "அக்கா, பதினேழுன்னு சொன்னது நான்தான்."

தட்டைச் சுற்றுகிற கை நிற்கவில்லை. "தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. அந்த ஆளு உன் வாசலைத் தாண்டுறதுக்குள்ள உன் மக என் சமையல்கட்டுல வந்து நின்னு அழுதா. அம்மா உங்க வீட்டைப் பத்தி நல்லதா சொல்றாங்க, ஆனா அவர் எழுதுறாருன்னா." மறு தட்டை எடுத்தாள். "சிரிச்சேன். லட்சுமிக்கு நம்ம வீட்டு மேல அவ்வளவு பெருமையான்னு என் வீட்டுக்காரர் வில்லிகிட்ட சொல்லிச் சிரிச்சேன்."

"அப்போ ஹால்ல யார் சொன்னதுன்னு..."

"ஆமா, கேட்டேன்."

தரையில் உட்கார்ந்தேன். "அந்தப் படிவத்தை வாங்கிக்கிட்டு வந்தேன். எங்க விசா... இவரு... நான் கையெழுத்துப் போட்டிருந்தா வீடு நின்னிருக்கும்."

"நின்னிருக்காது" என்றாள். "கோடு போட்டவன் பேனாவுக்கு வேற காரணம் கிடைச்சிருக்கும். நான் இந்த ஊர்லயே பொறந்தவ. எனக்குத் தெரியாதா?" தட்டை வைத்துவிட்டு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "ஆனா அன்னிக்கு அந்த ஹால்ல நான் தனியா நின்னுக்கிட்டு இருந்தேன். யாரு சொன்னதுன்னு அந்த மேஜைக்காரனையா கேட்டேன்? உன்னைக் கேட்டேன் லட்சுமி."

அவள் பேப்பர் கட்டிலிருந்து பாதியை என் பக்கம் தள்ளினாள். கிண்ணங்களை நான் சுற்றினேன். சாயங்காலம் லாரி வரும் வரைக்கும் இருவரும் சுற்றிக்கொண்டே இருந்தோம்.

இப்போது அவர்கள் ஒரே வீட்டில் இல்லை. எல்லோருக்கும் இடம் கொடுக்கிற வீடு நகரத்தில் கிடைக்கவில்லை. வில்லியின் அம்மாவை முதியோர் விடுதியில் சேர்த்தார்கள். ஒடெஸ்ஸாவின் தம்பி தெற்கே திரும்பிப் போய்விட்டார். மற்றவர்கள் நாலாவது மாடியில் இரண்டு அறையில் இருக்கிறார்கள். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். உட்காரச் சொன்னாள். காபி கொடுத்தாள். ரூத் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை.

அந்தப் படிவம் என்னிடம் இன்னும் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள இனி எந்த ஜன்னலும் இல்லை. ஆகவே, இங்கே, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் பிறந்த லட்சுமியாகிய நான் சொல்வது: எதிர் வரிசைச் செங்கல் வீட்டில் குடியிருந்தவர்கள் ஒடெஸ்ஸா, அவள் கணவர் வில்லி, வில்லியின் அம்மா, பிள்ளைகள் டேனியல், எஸ்தர், ரூத், ஒடெஸ்ஸாவின் தம்பி கால்வின். ஏழு பேர். மற்றவர்கள் விருந்தாளிகள். பதினேழு என்று சொன்னது நான்.